கிரைண்டர் மேல் போட்ட பழி

எங்கள் ஊரில் லாரி வாங்கினால் முழு லாரி வராது. ஓர் என்ஜின், சக்கரங்கள், நடுவே இரண்டு நீளமான இரும்புச் சட்டங்கள், அவ்வளவுதான் கம்பெனியிலிருந்து வரும். ஓட்டி வருகிறவர் தலையில் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு, வெட்டவெளியில் ஒரு சின்னப் பலகை மேல் உட்கார்ந்து, வெயிலும் புழுதியும் வாங்கியபடி நாமக்கல் வந்து சேருவார். கேபின், பாடி, பெயின்ட், பின்னால் எழுதும் வாசகம் எல்லாம் இங்கே பட்டறையில்தான். இதைப் பார்த்தே வளர்ந்ததால் எங்கள் ஊர்க்காரன் மண்டைக்குள் ஒரு எண்ணம் கெட்டியாக உட்கார்ந்துவிட்டது. கம்பெனிக்காரன் எதையும் முழுசாகச் செய்து அனுப்ப மாட்டான், மிச்சத்தை நாம்தான் செய்ய வேண்டும்.

டீசல் பம்ப்பும் அப்படித்தான். கம்பெனி சீல் வைத்து அனுப்பும். நம் ஆள் சீலை உடைத்து, உள்ளே ஒரு திருகைக் கொஞ்சம் கூடுதலாகத் திருப்பி விடுவான். பம்ப்பை ஏற்றிவிடுவது என்று பெயர். ஏற்றத்தில் வண்டி சும்மா பறக்கும். கூடவே கரும்புகை வரும், என்ஜினுக்கு ஆயுசு குறையும். இந்த இரண்டாவது செய்தியை யாரும் எங்கள் கடைக் கவுன்ட்டரில் நின்று சொன்னதில்லை.

நான் லாரி உதிரிபாகக் கடையில் கவுன்ட்டரில் நிற்பவன். இருபது வருடமாக நட்டும் போல்டும் எடுத்துக் கொடுக்கிறேனே ஒழிய, ஒரு நட்டையாவது உருப்படியாக முடுக்கியதாக வரலாறு இல்லை. ஆனால் பேச்சுக் கேட்டுக் கேட்டே எனக்கு மெக்கானிக் என்ற நினைப்பு வந்துவிட்டது. எங்கள் வீட்டு மிக்ஸி மூன்றாம் வேகத்தில் மட்டும் ஓடும். சட்னி சுவரில்தான் முதலில் பரிமாறப்படும். வெளிக்கதவு நான் சரிசெய்த நாளிலிருந்து தெருப்பக்கம் திறந்து, போகிற சைக்கிள்காரர்களை நிறுத்தி விசாரிக்கிறது. சமையலறைப் பிளக்கை நான் மாற்றிய அன்று அது ஒரு சின்ன மத்தாப்பு காட்டிவிட்டு அடங்கியது. அதற்குப் பிறகு கிரைண்டரை ஹாலில் வைத்துத்தான் மாவாட்டுவது.

அந்த மத்தாப்பு அன்றுதான் என் மனைவி வீட்டுக்கு ஒரு சட்டம் போட்டாள்.

"ஏனுங்க, ஊட்டுல எதை வேணா பிரிச்சுப் போடுங்க. கம்ப்யூட்டர்ல மட்டும் கைய வெக்காதீங்க. அது என்ற பொழப்பு."

"சத்தியமா வெக்க மாட்டேன் புள்ள" என்றேன். மிக்ஸி மேல் அடித்துச் சத்தியம் செய்தேன். அதுவே தப்பான சகுனம்.

அவள் இளம்பிள்ளைக்காரி. தெருவெல்லாம் தறிச் சத்தம் கேட்கும் ஊர். கல்யாணமாகி இங்கே வந்த புதிதில், இத்தனை அமைதியில் எப்படித் தூங்குவது என்று ஒரு வாரம் விழித்துக் கிடந்தவள். சேலைக்கு டிசைன் போடுவது அவள் வேலை. கம்ப்யூட்டர் திரை முழுக்க எள்ளுருண்டைக்குள் இருக்கும் எள் மாதிரி பொடிப்பொடிக் கட்டங்கள். ஒவ்வொரு கட்டமும் ஒரு நூலை இன்னொரு நூல் குறுக்கே கடக்கிற இடம். கட்டம் கட்டமாக நிறம் வைக்க வேண்டும். வைத்து முடித்தால் அதைத் தறி படித்துக்கொண்டு நெய்யும். அதுவரை அவளுக்கு வந்ததெல்லாம் கரை வேலைதான். மாங்காயைக் கொஞ்சம் பெரிசாக்கும்மா, மயிலுக்குக் கொஞ்சம் சதை போடும்மா என்று அடுத்தவர் சொல்வதைப் போட்டுக் கொடுப்பது. மாங்காயும் மயிலும் தறிக்காரர்களுடையவை. விரல் வலி மட்டும் அவளுடையது.

அந்த வருடம் முதல் தடவையாக ஒரு முழுச் சேலையை அவளே யோசித்துப் போட்டுக்கொண்டிருந்தாள். புளியம்பூச் சேலை. புளியம்பூவை நாம் யாரும் நின்று பார்ப்பதில்லை. மோகனூர் பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது அவள் சேலையில் ஒன்று உதிர்ந்ததாம். வெளிர்மஞ்சள் இதழ், அதில் மயிரிழை கனத்தில் சிவப்பு நரம்பு. பஸ்ஸை விட்டுவிட்டு அதைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறாள். சேலையின் உடம்பெல்லாம் சிதறிய பூ, முந்தியில் ஒரு முழு மரமே உதிர்கிற மாதிரி. நான்கு மாதமாகப் போட்டாள். அவளுடைய அண்ணன் மூலமாக இளம்பிள்ளையில் ஒரு தறி முதலாளி அதைப் பார்க்கச் சம்மதித்திருந்தார். ஒரு புதன்கிழமை வரச் சொல்லியிருந்தார். பிடித்துப்போனால் தீபாவளிக்கு ஓடும். அவள் மனசில் முளைத்த ஒன்று முதல் தடவையாக நூலில் இறங்கும்.

முந்தியை முழுசாகத் திறந்தால் மட்டும் கம்ப்யூட்டர் திணறியது. ஒரு பூவை நகர்த்தினால், நகர்ந்தது திரையில் தெரிய ஒரு வாய் காபி குடித்துவிடலாம்.

"லோடு ஏத்திக்கிட்டுக் கொல்லிமலை ஏறற வண்டியாட்ட மொனகுதுங்க" என்று ஒரு நாள் சிரித்துக்கொண்டு சொன்னாள்.

அவள் சும்மா சொன்னாள். என் காதில் அது வொர்க் ஆர்டராக விழுந்தது.

அந்த கம்ப்யூட்டர் சேலத்தில் பழசாக வாங்கியது. விற்றவர், "இது கேம் ஆடறவங்க வெச்சிருந்த மெஷினுங்க, வேணும்னா இன்னும் ஸ்பீடு ஏத்திக்கலாம்" என்று சொல்லியிருந்தார். கேட்டீர்களா! கம்பெனிக்காரன் இதிலும் மிச்சம் வைத்திருக்கிறான். சீலை உடைக்க ஒரு நாமக்கல்காரன்தான் பாக்கி.

அந்தப் புதனுக்கு முந்தைய வியாழக்கிழமை மத்தியானம் சாப்பிட வந்தேன். அவள் மாவு மில்லுக்குப் போயிருந்தாள். போனில் ஒரு வீடியோவைப் போட்டுச் சாய்த்து வைத்துக்கொண்டேன். பேசியவர் இந்திக்காரர். எனக்கு இந்தியில் ஒரு வார்த்தையும் தெரியாது. ஆனால் எண்கள் எல்லாருக்கும் பொதுதானே என்று தைரியம். கம்ப்யூட்டர் எழுந்திருக்கும்போதே ஒரு பொத்தானைத் தட்டித் தட்டி உள்ளே நுழைந்தால், பயாஸ் என்று ஒரு பக்கம் வரும். மெஷினின் மூளை எத்தனை வேகத்தில் ஓட வேண்டும், ரேம் எத்தனை வேகத்தில் ஓட வேண்டும் என்ற கணக்கெல்லாம் அங்கேதான் இருக்கும். அவர் ஏற்றியதை நானும் ஏற்றினேன். ஓவர்க்ளாக் என்று இதற்குப் பெயர். எனக்கு அது பம்ப்தான்.

மெஷின் எழுந்தது. எழுந்தது மட்டுமா, அவள் வந்து முந்தியைத் திறந்தபோது பூவெல்லாம் கைக்கு முன்னால் ஓடியது.

"ஏனுங்க! இங்க வாங்களே. இன்னைக்கு என்னமோ பறக்குது!"

"தூசி தட்டி விட்டேன்" என்றேன்.

"தூசிக்கு இத்தன சக்தியா?"

"நீ கூட்டற ஊடு. வேறெப்படி இருக்கும்?"

முதுகில் ஒன்று வைத்தாள். அப்போதே சொல்லியிருக்கலாம். ஆனால் சத்தியத்தை மீறினேன் என்று ஒப்புக்கொள்ள வேண்டுமே. புதன்கிழமை ஜெயித்து வரட்டும், இட்லி சாப்பிடும்போது மெதுவாக, 'அந்த வேகம் யாரால வந்துச்சு தெரியுமா?' என்று கேட்டு மீசையை முறுக்கிக்கொள்ளலாம் என்பது என் திட்டம். மூன்று நாள் அவள் முனகிப் பாடிக்கொண்டே முந்தியைப் போட்டாள். ராத்திரிகூட ஃபைலை மூடாமல், வரிசைக்கு வரிசை சேவ் செய்தாள். அவள் சேவ் செய்த ஒவ்வொரு தடவையும் உள்ளே என்ன நடந்தது என்று அப்போது எனக்குத் தெரியாது.

சனிக்கிழமை சாயங்காலம் மாவு தீர்ந்துபோயிற்று என்று கிரைண்டரைப் போட்டாள். ஹாலில் கம்ப்யூட்டர் மாட்டியிருந்த அதே எக்ஸ்டென்ஷன் பெட்டியில்தான் கிரைண்டரும். கல் சுற்ற ஆரம்பித்ததும் ட்யூப்லைட் ஒரு தடவை கண் சிமிட்டியது. திரையில் பூ மரம் அசையாமல் இருந்தது. நான் சும்மா இருந்திருக்கலாம்.

"ரெண்டையும் ஒண்ணா ஓட்டறயே புள்ள, கம்ப்யூட்டரும் மாவா போயிரும் பாத்துக்க" என்றேன்.

"போனா இட்லி சுட்டுப் போடறேன், தின்னுங்க" என்றாள். இரண்டு பேரும் சிரித்தோம். இந்தப் பேச்சை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நானும் மறக்க முடியாமல் இருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை அவளுடைய சித்தப்பா மகளுக்கு இளம்பிள்ளையில் வளைகாப்பு. அது பெண்கள் கூட்டம், எனக்கு வேலையில்லை. காவிரித் தண்ணீர் விடுகிற நாள் வேறு, பிடித்து வைக்க ஆள் வேண்டும். அவள் காலையிலேயே கிளம்பினாள். "தண்ணிய மட்டும் பாருங்க" என்றாள். 'மட்டும்' என்பதில் ஒரு அழுத்தம் இருந்தது.

பஸ் கிளம்பியிருக்கும் என்று கணக்குப் பண்ணி மெஷின் முன் உட்கார்ந்தேன். மூன்று நாள் ஒழுங்காக ஓடியிருக்கிறது என்றால் இன்னும் மிச்சம் இருக்கிறது என்றுதானே அர்த்தம்? இன்னொரு சுற்றுத் திருப்பினேன். மூளைக்கும் கூட்டினேன், ரேமுக்கும் கூட்டினேன், வோல்டேஜையும் கொஞ்சம் தூக்கி வைத்தேன். சேமித்து வெளியே வா என்று கட்டளை கொடுத்தேன்.

திரை கறுத்தது. உள்ளே மின்விசிறி சர்ரென்று சுற்றியது. மனசுக்குள் நான்கு எண்ணுவதற்குள் நின்றது. 'டக்' என்று ஒரு சத்தம். மறுபடி சுற்றல், மறுபடி நிற்றல். மாடிப்படி ஏறி மூச்சு வாங்குகிற என்னைப் போலவே இருந்தது. திரையில் ஒன்றும் இல்லை. புள்ளிகூட இல்லை.

முதலில் மானிட்டர் ஒயரைப் பிடுங்கி மறுபடி சொருகினேன். எங்கள் கடைக்கு வருகிற ஓட்டுநர்கள் வண்டி நின்றதும் முதலில் டயரை உதைப்பார்கள், அந்த மாதிரி. பிறகு பெட்டியைத் திறந்தேன். ரேம் பலகையைக் கழற்றி, அதன் பொன்னிறப் பல்வரிசையை பென்சில் ரப்பரால் தேய்த்தேன். இடம் மாற்றிப் போட்டேன். ஒன்றை மட்டும் போட்டேன். சர்ர், டக். அந்த இந்திக்காரரையே மறுபடி சரணடைந்தேன். இன்னொரு வீடியோவில் அவர் ஒரு வட்டமான காசு பேட்டரியைக் கழற்றிக் காட்டினார். அதைக் கழற்றினால் மெஷின் தான் வாங்கிய கட்டளையெல்லாம் மறந்து, கம்பெனி விட்டபடி எழும் என்பது வரை புரிந்தது. ஐந்து விரலைக் காட்டினார். ஐந்து நிமிஷம் பொறு என்று எடுத்துக்கொண்டேன். கழற்றினேன், பொறுத்தேன், மாட்டினேன். சர்ர், டக். பத்து நிமிஷம் பொறுத்தேன். அரை மணி பொறுத்தேன்.

வெளியே பக்கத்து வீட்டு அக்கா கத்தினார். "ஏனுங்க! ஊட்டுல ஆளிருக்கறீங்களா இல்லியா? உங்க தண்ணி ரோட்டுக்கே போயிருச்சு!"

ஓடினேன். ட்ரம் நிரம்பி வழிந்து காவிரி எங்கள் தெருவில் பாய்ந்துகொண்டிருந்தது. அக்கா இடுப்பில் கை வைத்து நின்றார். "என்னுங்க மூஞ்சி இப்படி இருக்குது, யாராச்சும் செத்துப்போயிட்டாங்களா?" என்றார். இல்லீங்க என்றேன். அதை உறுதியாகச் சொல்லும் நிலையில் நான் இல்லை.

நான்கு மணிக்குப் பெட்டியை மூடி எல்லாத் திருகையும் முடுக்கினேன். ஒரு திருகு மிஞ்சியது. எந்த ஓட்டை என்று தேட நேரமில்லை. சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

அவள் இரண்டு கை நிறைய கண்ணாடி வளையலும், டப்பாவில் புளிசாதமும் எலுமிச்சை சாதமுமாக வந்தாள். செருப்பைக் கழற்றியதும் நேரே கம்ப்யூட்டருக்குத்தான் போனாள். முந்தியில் இன்னும் ஒரே ஒரு வரிசை பாக்கியாம், பஸ்ஸில் அதையே நினைத்துக்கொண்டு வந்தாளாம். பட்டனை அமுக்கினாள். சர்ர், டக்.

"ஏனுங்க, இது ஏன் வரமாட்டேங்குது?"

"தெரியலியே புள்ள. நானும் காத்தால பாட்டுக் கேக்கலாம்னு போட்டேன். வரல."

வளையல் குலுங்க மறுபடி மறுபடி அமுக்கினாள். பிறகு கையை எடுத்துவிட்டாள். திரும்பிக் கிரைண்டரைப் பார்த்தாள்.

"நேத்து கிரைண்டர் போட்டனே" என்றாள். குரல் சிறுத்துவிட்டது. "நீங்ககூடச் சொன்னீங்களே, மாவா போயிரும்னு."

நான் வாயைத் திறந்தேன். 'இல்லை' என்ற ஒரு சொல் போதும். அது வெளியே வராமல் அதன் இடத்தில், "சரி உடு, நாளைக்கு ஆளக் கூட்டியாரேன்" என்பது வந்தது. என் வாயில் வேண்டாத பேச்சு எத்தனையோ வந்திருக்கிறது. வேண்டிய ஒரே பேச்சு அன்றைக்கு வரவில்லை.

திங்கட்கிழமை பஸ் ஸ்டாண்டு பக்கத்திலிருந்து ரிப்பேர்க்காரரைக் கூட்டி வந்தேன். என் வயதுக்காரர். பெட்டியைத் திறந்து, ஒரு தடவை ஓடவிட்டுப் பார்த்தார். அவள் சமையலறையில் டீ போட்டுக்கொண்டிருந்தாள்.

"பயாஸ்ல யாராச்சும் கைய வெச்சாங்களா?" என்று கேட்டார்.

நான் உதட்டின் மேல் விரலை வைத்துச் சமையலறைப் பக்கம் கண் காட்டினேன். அவர் தலையாட்டினார். ஊரில் பல புருஷன்களைப் பார்த்தவர் போல.

"பேட்டரியக் கழட்டிப் பாத்தேனுங்க, ஒண்ணும் ஆகல" என்று கிசுகிசுத்தேன்.

"சுவத்துல இருக்கற பிளக்கப் புடுங்கினீங்களா?"

"அதெதுக்குங்க?"

"அதப் புடுங்காம பேட்டரியக் கழட்டி என்ன பிரயோசனம்? உள்ள கரண்டு நின்னுக்கிட்டேதான இருக்கும். எதையும் மறக்காது."

அந்த இந்திக்காரர் பேட்டரிக்கு முன்னால் ஏதோ நீளமாகச் சொன்னார். அது இதுதான் போலிருக்கிறது. எண்ணில்லாத வாக்கியமாகப் போய்விட்டது.

அவர் பிளக்கைப் பிடுங்கினார். பேட்டரியைக் கழற்றினார். பலகையில் பக்கத்துப் பக்கத்தில் நின்ற இரண்டு ஊசிகளை ஸ்க்ரூடிரைவர் முனையால் தொட்டுக்கொண்டிருந்தார். எல்லாம் மாட்டிப் பட்டனை அமுக்கினார். ஒரு பீப். திரையில் எழுத்து வந்தது.

டீத் தட்டோடு வந்தவள், "வந்துருச்சா!" என்று கத்திவிட்டாள். தட்டைத் தரையில் வைத்துவிட்டு மௌஸைப் பிடித்தாள். சேலையின் உடம்பு திறந்தது. கரை திறந்தது. முந்தி திறக்கும்போது மேலே கால்வாசி மரம் வந்தது. அதற்குக் கீழே நிறமெல்லாம் கலைந்து, கோலப்பொடி டப்பாவைத் தட்டிவிட்ட மாதிரி இருந்தது. மூடித் திறந்து பார்த்தாள். இந்தத் தடவை கால்வாசியும் வரவில்லை. ஃபைலைப் படிக்க முடியவில்லை என்று ஒரு கட்டம் வந்து நின்றது.

ரிப்பேர்க்காரர் பத்து நிமிஷம் என்னென்னமோ செய்து பார்த்தார். "சேவ் பண்றப்பவே தப்பா எழுதியிருக்குதும்மா. மூணு நாலு நாளா ரேம் ஒழுங்கா ஓடல. ஓடற மாதிரி தெரியும், ஆனா உள்ள எழுதறது தப்பா இருக்கும்" என்றார்.

மூன்று நான்கு நாள். வியாழன், வெள்ளி, சனி. அவள் பாடிக்கொண்டே போட்ட நாட்கள். பறக்குது என்று அவள் என்னைக் கூப்பிட்டபோதே, போட்ட பூவெல்லாம் பின்னால் உதிர்ந்துகொண்டிருந்திருக்கிறது.

"கிரைண்டர் போட்டதால ஆகுமுங்களா?" என்று கேட்டாள்.

அவர் என்னைப் பார்த்தார். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

"கரண்டு ஏறி எறங்குனாலும்... ஆகலாமுங்க" என்றார். பாவம், நல்ல மனிதர். அவர் தலையில் ஒரு பொய்யை நான்தான் சுமத்தினேன். டீயைக் குடிக்காமலே போய்விட்டார்.

பென்டிரைவில் அவள் எடுத்து வைத்திருந்தது மூன்று வாரப் பழசு. அதில் உடம்பும் கரையும் இருந்தன, முந்தி ஆரம்பிக்கவே இல்லை. திங்கள் மீதியும் செவ்வாயும் உட்கார்ந்து போட்டாள். நான்கு மாதம் மனசில் பழகிய மரம். ஆனாலும் கட்டம் கட்டமாகத்தானே வைக்க வேண்டும்? வளையலைக் கழற்றி மேசை மேல் வைத்துவிட்டுப் போட்டாள். ஒரு கிளைதான் முளைத்தது. மெஷின் இப்போது பழையபடி முனகியது. அதைக் கேட்கும்போதெல்லாம் நான் எழுந்து வெளியே போனேன்.

புதன்கிழமை இருவருமாக இளம்பிள்ளை போனோம். தறி முதலாளி கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

"பூவு நல்லாத்தான் இருக்குது சாமி. இந்தச் செவப்பு நரம்பு யாரும் போடல. ஆனா முந்தி இல்லாம தறி ஏத்த முடியாதே. தீபாவளிக்கு நாளில்ல. இன்னொருத்தரு மயிலு குடுத்திருக்காரு, அத ஓட்டியாகணும். தீபாவளி கழிச்சு வா."

அவர் மேல் ஒரு தப்பும் இல்லை. அதனால்தான் கோபப்படக்கூட எனக்கு ஆளில்லை.

திரும்பும்போது சேலம் பஸ் ஸ்டாண்டில் தட்டுவடை செட் வாங்கிக் கொடுத்தேன். ஒரு வாய் கடித்தவளுக்குக் கண்ணில் நீர் வந்தது.

"காரமுங்க" என்றாள். தட்டை என்னிடம் நீட்டிவிட்டு, "என்ற அவசரந்தானுங்க. ஒரு நாளு மாவில்லாட்டி என்ன, தோசக் கல்லு அழுதுருமா? உப்புமா கிண்டியிருக்கலாம்" என்றாள்.

சொல்வதற்கு அதைவிட நல்ல இடம் எனக்குக் கிடைத்திருக்காது. நான் சொன்னது இதுதான்: "உடு புள்ள. கிரைண்டர் மேல கேசப் போட்டு உள்ள தள்ளிரலாம்."

அவள் சிரித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். நான் எத்தனையோ பேரைச் சிரிக்க வைத்திருக்கிறேன். திருப்பிக் கொடுத்துவிட முடியுமானால் அந்த ஒரு சிரிப்பைத்தான் கொடுப்பேன்.

மறுநாள் கிரைண்டர் பின்பக்கம் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் போனது. மேலே ஒரு பழைய தகரம், அதிலும் இரண்டு ஓட்டை. அன்றிலிருந்து மாவாட்டுகிற நாளெல்லாம் ஒரே வரிசைதான். முதலில் கம்ப்யூட்டரை அணைப்பாள். சுவரில் பிளக்கைப் பிடுங்குவாள். பிடுங்கிய பிளக்கை ஒரு தடவை தொட்டுப் பார்ப்பாள். பின்பக்கம் போய்விட்டு, சந்தேகம் வந்து திரும்பி வந்து மறுபடி தொட்டுப் பார்ப்பாள். மழை நாளில் ஒரு கையில் குடையோடு, இன்னொரு கையால் மாவைத் தள்ளிவிட்டபடி நிற்பாள். நான் ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டு பேப்பர் படிப்பேன். எந்தச் செய்தியும் ஏறாது.

சட்டையைத் துவைக்கும்போது அந்தத் திருகைக் கண்டெடுத்தாள். "இது எங்கருந்துங்க வந்துச்சு?" என்றாள். கடையிலிருந்து என்றேன். வாங்கி என் பர்ஸில் போட்டுக்கொண்டேன்.

தீபாவளி கழிந்தது. அவள் போகவில்லை. "அப்பறம் பாத்துக்கலாமுங்க" என்றாள். மாங்காயைப் பெரிசாக்கினாள், மயிலுக்குச் சதை போட்டாள்.

மறு வருடம் அவளுடைய அண்ணன் புது வீட்டுக்குப் பால் காய்ச்சினார். சாப்பாடு முடிந்து உறவுக்காரர்கள் கூடத்தில் உட்கார்ந்திருந்தோம். அண்ணி புதுக் கிரைண்டரைக் காட்டி, எங்கே வைக்கலாம் என்று கேட்டார்.

"அண்ணி, எங்க வேணா வெய்ங்க, கம்ப்யூட்டர் பக்கத்துல மட்டும் வேண்டாம்" என்று ஆரம்பித்தாள் என் மனைவி. "ஒரு சேலையவே மாவாட்டி இட்லி சுட்டவளாக்கும் நானு." கல் சுற்றுகிற மாதிரி கையைச் சுற்றிக் காட்டினாள். லைட் சிமிட்டியதைக் கண்ணைச் சிமிட்டிக் காட்டினாள். என்னை மாதிரியே குரலை மாற்றி, "எங்கூட்டுக்காரரு அப்பவே சொன்னாரு, மாவா போயிரும் பாத்துக்கன்னு. நாங் கேட்டனா?" என்றாள். கூடமே விழுந்து விழுந்து சிரித்தது. கதையை என்னைவிட நன்றாகச் சொன்னாள்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். கூட்டத்தில் நான் ஒரு வார்த்தை சேர்க்காமல் விட்டதில்லையே.

"ஆனா ஒண்ணுங்க, அன்னைக்கு இட்லி மட்டும் சும்மா பூவாட்ட இருந்துச்சு" என்றேன்.

இன்னும் பெரிய சிரிப்பு. அவளும் சிரித்தாள். பிறகு குனிந்து வளையலைத் திருப்பிக்கொண்டிருந்தாள்.

என்னையே கேலி பண்ணிக்கொள்கிறவன் என்று எனக்கு ஊரில் ஒரு நல்ல பேர் உண்டு. மிக்ஸிக் கதை, கதவுக் கதை, மத்தாப்புக் கதை எல்லாம் நானே சொல்லிச் சிரிக்க வைத்தவை. எதில் என்னைக் கேலி பண்ண வேண்டுமோ அந்த ஒரு கதையில் மட்டும் அவளை உட்கார வைத்துவிட்டு, நான் ஓரமாக நின்று கைதட்டியிருக்கிறேன்.

அடுத்த சனிக்கிழமை காலையில் தூறிக்கொண்டிருந்தது. அவள் அணைத்தாள், பிடுங்கினாள், தொட்டுப் பார்த்தாள், பின்பக்கம் போனாள். மறுபடி தொட்டுப் பார்க்கத் திரும்பி வந்தபோது நான் பிளக்குக்கு முன்னால் நின்றேன். பர்ஸிலிருந்து திருகை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தேன்.

"அது கிரைண்டர் இல்ல புள்ள. நாந்தான். கம்ப்யூட்டர்ல கைய வெச்சேன். வேகமா ஓடட்டும்னு."

"இது நெசமா, வெளையாட்டா?"

"நெசம்."

வியாழக்கிழமையிலிருந்து திங்கட்கிழமை வரை எல்லாவற்றையும் சொன்னேன். சிரிப்பு வருகிற இடங்கள் நிறைய இருந்தன. அவற்றை எல்லாம் விட்டுவிட்டுச் சொன்னேன். அதனால் சீக்கிரம் முடிந்துவிட்டது. கையில் மாவு காய அவள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அந்த ரிப்பேர்க்காரருக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"அப்ப எனக்கு மட்டுந்தான் தெரியாது."

திருகை உள்ளங்கையில் புரட்டிப் பார்த்தாள்.

"பூவு போனதுகூடப் போவுட்டுமுங்க" என்றாள். சத்தம் போட்டிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். "எனக்கு நல்லது பண்ணத்தான் பண்ணீங்க. போன மழைக்கு அங்க நின்னு நனஞ்சுக்கிட்டே ஆட்டினனே. நீங்க ஜன்னல்ல நின்னு பாத்தீங்களே. அப்பக்கூட வாயத் தொறக்கத் தோணலியா?"

பிளக்குக்கு முன்னாலிருந்து நகர்ந்து நின்றேன்.

அவள் பின்பக்கம் போய்ப் பாதியில் நின்ற மாவை ஆட்டி முடித்தாள். வழித்து எடுத்துக் கழுவினாள். பிறகு, "தூக்கியாந்து உள்ள வெய்ங்க" என்றாள். கல்லைத் தனியாக எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தேன். இடுப்பு பிடித்துக்கொண்டது. வாயில் ஒரு நல்ல கேலி வந்து நின்றது. விழுங்கினேன். சமையலறைப் பிளக்குக்கு அன்றைக்கே எலெக்ட்ரீஷியனை வரச்சொன்னாள். என்னைக் கேட்கவில்லை.

திருகுக்குரிய ஓட்டையை அவளே தேடிக் கண்டுபிடித்து முடுக்கினாள். பெட்டியின் அடிப்பக்கம் இருந்தது. இப்போது கிரைண்டர் ஒரு அறையில் சுற்ற, கம்ப்யூட்டர் இன்னொரு அறையில் ஓடுகிறது. ஒன்றும் ஆவதில்லை. புளியம்பூவை அவள் மறுபடி திறந்திருக்கிறாள் என்று நினைக்கிறேன். நான் உள்ளே போனால் திரையில் மயில்தான் இருக்கும். ஆனால் ஒரு நாள் மேசை மேல், பேப்பர் வெயிட்டுக்கு அடியில், காய்ந்த பூ ஒன்று இருந்தது. கேட்கவில்லை.

சண்டை எதுவும் இல்லை. பேசுகிறாள், சிரிக்கிறாள். நான் எதையாவது சொன்னால் மட்டும் கண்ணெடுத்து ஒரு நொடி என் முகத்தைப் பார்க்கிறாள். நெசமா, வெளையாட்டா என்று இப்போதெல்லாம் வாய் விட்டுக் கேட்பதில்லை.

"தண்ணி வந்துருச்சு புள்ள" என்று வாசலிலிருந்து குரல் கொடுக்கிறேன். அடுப்பைச் சிறிதாக்கிவிட்டு அவளே வந்து குழாயைத் திறந்து பார்க்கிறாள். நான் குடத்தோடு பக்கத்தில் நிற்கிறேன்.